சீகன்பால்க் என்ற குடும்பப் பெயர்: எங்கே பிறந்தது, இன்று எங்கே இருக்கிறது?

பொறையாறு_பிரபு

தரங்கம்பாடிக்கு அடுத்த ஊர்க்காரன் நான். ஜெர்மனியிலிருந்து எங்கள் பக்கம் வந்த கிறிஸ்தவ மிஷனரி சீகன்பால்க்கின் பெயரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். சிலை, தேவாலயம், பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான். அதனாலேயே ஜெர்மனிக்குப் போனால் தெருவுக்கு ஒரு சீகன்பால்க் இருப்பார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது வேலைக்காக ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்து டிரெஸ்டனில் இருக்கிறேன். ஸ்டுட்கார்ட், மியூனிக் பக்கத்திலிருந்து வந்த சகாக்களிடம் கேட்டால் அப்படி ஒரு பெயரே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஏன் சிரித்தாள் என்று சொல்லவும் இல்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டும், "அது நம்ம பக்கத்துப் பேர்தானே, பௌட்சன் பக்கம் போனால் இருக்கிறார்கள்" என்றார்.

மூன்று கேள்வி. பெயருக்கு என்ன பொருள்? ஏன் இந்த ஒரு மூலையில் மட்டும்? இப்போது இருப்பவர்கள் நம் தரங்கம்பாடிக்காரரின் வாரிசுகளா?

செங்கல்சூளை

சுலபம். ஜெர்மனில் செங்கலுக்கு ட்ஸீகெல். செங்கல் அறுத்த குடும்பம். நம்ம இனம் 😀

அல்லிவிழி

செங்கல் இல்லை. ட்ஸீகெல் வேறு, ட்ஸீகெ வேறு. செங்கல் லத்தீனிலிருந்து வந்த சொல். அதில் முடிவில் உள்ள "ல்" பெயர்களில் அப்படி உதிர்வதில்லை. ட்ஸீக்லர் என்று செங்கல் சூளைக்காரர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது, அது அரிதும் அல்ல, நாடெங்கும் உண்டு.

இது ட்ஸீகெ, அதாவது வெள்ளாடு. பின்பாதி பால்க் என்றால் விலங்கின் உடலிலிருந்து முழுசாக உரித்த தோல். ஆக "வெள்ளாட்டுத் தோல்". சகா சிரித்ததற்குக் காரணம் வேறு: இன்றைய பேச்சு ஜெர்மனில் பால்க் என்றால் அடங்காப் பிள்ளை, வாண்டு. வெள்ளாட்டு வாண்டு என்று காதில் விழுந்திருக்கும். பெயர் உருவான காலத்தில் அந்தப் பொருள் யார் மனத்திலும் இருந்திருக்காது.

நாம் எழுதும் "சீகன்பால்க்" பற்றியும் ஒரு வரி. அங்கே முதல் எழுத்து "ட்ஸ்", "பல்க்" குறில். 1709 வாக்கில் இலண்டனில் அச்சான அவரது கடிதங்களில் ஆங்கிலேயரும் கடைசியில் ஒரு "ஹெச்" சேர்த்து இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். நம்மைக் குறை சொல்ல முடியாது.

வாணியம்பாடிக்காரன்

நான் தோல் வியாபாரக் குடும்பம், அதனால் தலையை நீட்டுகிறேன். அல்லி அக்கா சொன்ன "முழுசாக உரித்த" என்பதை லேசாகக் கடந்து போய்விட வேண்டாம். வெள்ளாட்டை உரிப்பதில் இரண்டு வகை. வயிற்றில் கிழித்து விரித்து எடுப்பது ஒன்று. தோல் மண்டிக்கு வருவது அதுதான். இன்னொன்று வயிற்றைக் கிழிக்காமல், பின்னங்கால் பக்கம் அறுத்துச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றுவது மாதிரி உருவி எடுப்பது. இரண்டாவது முறையில் வருவது குழாய். கால், கழுத்து ஓட்டைகளைக் கட்டினால் பை. தண்ணீர், எண்ணெய், தேன் எது வேண்டுமானாலும் ஊற்றலாம். ஓர் ஓட்டையில் குழல் வைத்தால் கொல்லன் உலைக்குக் காற்று ஊதலாம்.

அந்த ஜெர்மன் சொல் இரண்டாவது வகைக்கா என்று தெரிந்தால் தொழிலையே ஊகிக்கலாம்.

அல்லிவிழி

அண்ணே, சரியாகப் பிடித்தீர்கள். ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இன்றும் பால்க் என்ற சொல்லை நரி, முயல் போன்றவற்றின் உருவி எடுத்த தோலுக்குத்தான் சொல்கிறார்கள். மான் தோலுக்கு வேறு சொல், காட்டுப்பன்றித் தோலுக்கு வேறு சொல். உலைத்துருத்திக்கு அவர்கள் சொல்வது பிளாஸெபால்க், "ஊதும் பால்க்". தேவாலய ஆர்கன் இசைக்கருவிக்குக் காற்றடிக்கும் மடிப்புப் பையும் பால்க் தான். அதை மிதிக்கவென்றே ஆள் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் வயிற்றுக்குச் சொல்லும் "பெல்லி"யும் இதே வேர்: உப்புவது, ஊதிப் பெருப்பது.

ஆக முதல் ஆள் தோல் உரித்தவராக இருக்கலாம், பதனிட்டவராக இருக்கலாம், தோல் வாங்கி விற்றவராக, துருத்தி தைத்தவராக இருக்கலாம். இல்லை, குளிருக்கு ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு திரிந்த ஒருவரைப் பார்த்து ஊரார் வைத்த பட்டப்பெயராகவும் இருக்கலாம். ஜெர்மன் குடும்பப் பெயர்களில் இந்தப் பட்டப்பெயர் வகை ஏராளம். ட்ஸீகென்ஃபூஸ் என்றால் ஆட்டுப்பாதம், ட்ஸீகென்பைன் என்றால் ஆட்டுக்கால். ஹாஸென்பால்க் என்று முயல்தோல் குடும்பமும் உண்டு, அதுவும் அரிது.

தமிழாசிரியர்_ஓய்வு

தமிழில் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: துருத்தி. நமக்கும் அது இரண்டும்தான், கொல்லன் ஊதுவதும், நீரோ திராட்சரசமோ ஊற்றி வைக்கும் தோற்பையும். "புது திராட்சரசத்தைப் பழந்துருத்திகளில் வார்த்துவைக்கிறதும் இல்லை" என்று மத்தேயு 9-இல் வாசிக்கிறோமே. 1715-இல் தரங்கம்பாடியில் முழுப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தவரின் குடும்பப் பெயரே ஆட்டுத்துருத்தி! இத்தனை ஆண்டு வகுப்பில் அவரைப் பற்றிப் பேசிய எனக்கு இதை யாரும் சொன்னதில்லை.

கேள்விக்குறி

அப்படியானால் தோல் தொழில் சாதியிலிருந்து வந்தவர் என்று சொல்லுங்கள். ஏன் எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள்?

வாணியம்பாடிக்காரன்

இதோ வந்துட்டார்.

அல்லிவிழி

கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம், பதில் சொல்லத் தகுந்த கேள்விதான். ஆனால் பதில் நீங்கள் எதிர்பார்ப்பது இல்லை.

முதலில் காலம். அந்தப் பகுதியில் பட்டப்பெயர்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பப் பெயர்களாக உறைந்தது 14, 15-ஆம் நூற்றாண்டுகளில். பர்த்தலோமேயு சீகன்பால்க் பிறந்தது 1682-இல், புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில். தகப்பனார் தானிய வியாபாரி. இடையில் இருநூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பெயரில் ஆட்டுத்தோல், கடையில் கோதுமை. பெயர் அசையாமல் நின்றது, தொழில் நகர்ந்துவிட்டது. ஜெர்மனியில் முல்லர் என்றால் மாவரைப்பவர், ஷ்மிட் என்றால் கொல்லர். இன்று அந்தப் பெயர்க்காரர்களில் மாவரைக்கிறவர் எத்தனை பேர்?

இரண்டாவது, அங்கே எல்லாம் சமத்துவமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். செத்த மாட்டை அப்புறப்படுத்தித் தோலுரித்தவர்களை அப்டெக்கர் என்றார்கள். அது "மானமில்லாத் தொழில்" பட்டியலில் இருந்தது. தூக்கிலிடுபவரும் அதே பட்டியல். அவர்கள் பிள்ளைகளைக் கைவினைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளாது, தொட்டால் தீட்டு என்ற நடப்பும் இருந்தது. பேரரசுச் சட்டம் 1731-இல் தலையிட வேண்டியிருந்தது. ஆனால் தோல் பதனிட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு நகரத்தில் மதிப்பான சங்கம் இருந்தது. சீகன்பால்க் என்ற பெயர் இதில் எந்தப் பக்கம் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல வழியே இல்லை. பட்டப்பெயராக இருந்தால் தொழிலே இல்லை.

கேள்விக்குறி

"வழியே இல்லை" என்பது வசதியான பதில்.

தமிழாசிரியர்_ஓய்வு

ஐயா, வசதி அல்ல. நம் ஊரில் பெயரின் வால் சாதியைச் சொல்லும் பழக்கத்தால் எல்லா நாட்டுப் பெயரின் வாலையும் பிடித்து இழுக்கிறோம். அங்கே அந்த வால் ஒரு தனி மனிதரின் அடையாளமாகத் தொடங்கி, பிறகு வரிக் கணக்கரின் வசதிக்காக உறைந்துபோனது.

பொறையாறு_பிரபு

பொருள் புரிந்தது. ஆனால் என் இரண்டாவது கேள்வி? ஆடும் தோலும் ஜெர்மனி முழுக்க இருந்திருக்குமே. பவேரியாவில் யாரும் ஆட்டுத்தோல் போர்த்தவில்லையா? ஏன் இந்தப் பெயர் கிழக்கு மூலையில் மட்டும்?

அல்லிவிழி

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், பிரபு. விடை ஆட்டிலேயே இருக்கிறது.

ஜெர்மன் பேசும் நிலத்தில் வெள்ளாட்டுக்கு ஒரே சொல் இருந்ததில்லை. பவேரியா, சுவாபியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ரைன் ஆற்றங்கரையின் பெரும்பகுதி எங்கும் அது "கைஸ்". கிழக்கு நடு ஜெர்மனியில், அதாவது சாக்சனி, துரிங்கியா பக்கத்தில், அது "ட்ஸீகெ". இன்று பள்ளிப் புத்தகத்தில் நாடெங்கும் ட்ஸீகெ என்று இருக்கிறது என்றால் காரணம் மார்ட்டின் லூதர். அவர் விவிலியத்தை மொழிபெயர்த்தது கிழக்கு நடு ஜெர்மனியின் எழுத்து வழக்கில். புதிய ஏற்பாடு 1522-இல் வந்தது. மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அச்சாளர் ஆதாம் பெட்ரி அதை மறு அச்சிட்டபோது, தன் வட்டார வாசகர்களுக்கு லூதரின் சொற்கள் புரியாது என்று ஒரு சொற்பட்டியலைச் சேர்த்தார். அதில் ஆட்டுத்தோலும் இருக்கிறது! எபிரெயர் நிருபத்தில் பக்தர்கள் ஆட்டுத்தோல் போர்த்தித் திரிந்தார்கள் என்று வருமே, அந்த "ட்ஸீகென்" தோலைக் "கைஸ்" தோல் என்று விளக்க வேண்டியிருந்தது.

இப்போது கணக்கைப் போடுங்கள். குடும்பப் பெயர்கள் உறைந்தது லூதருக்கு முன். அப்போது பவேரியாவில் ஒருவர் ஆட்டுத்தோல் போர்த்தியிருந்தால் அவர் பெயர் கைஸ் என்று தொடங்கியிருக்கும். சுவிட்சர்லாந்தில் கைஸ்பியூலர் என்று பெயர்கள் இருப்பது அப்படித்தான். ட்ஸீகெ என்று தொடங்கும் பழைய பெயர் தெற்கில் பிறந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வடக்கே கடற்கரைப் பக்கம் போனால் மொழியே கீழ்ஜெர்மன், ஒலியே மாறிவிடும். ஆகவே வரைபடத்தைத் திறக்காமலேயே பாதி நாட்டை அடித்துவிடலாம்.

செங்கல்சூளை

சூளையை மூடிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். பாடன்-பாடன் நகரத்துல பால்க்னு ஒரு பகுதியே இருக்கு. அங்கேயிருந்து வந்த ஆளா இருக்கக் கூடாதா? ஆட்டு-பால்க், மாட்டு-பால்க் மாதிரி ரெண்டு ஊர் இருந்திருக்கலாமே.

அல்லிவிழி

பாடன் தென்மேற்கு. அது கைஸ் நாடு. அங்கே "ட்ஸீகென்-பால்க்" என்று ஊருக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். அதோடு ஊர்ப் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர் என்றால் அந்த ஊரைச் சுற்றித்தான் பெயர் அடர்ந்திருக்க வேண்டும். ட்ஸீகென்ஹால்ஸ் என்ற பெயரை அப்படி விளக்கலாம், சைலீசியாவில் அந்தப் பெயரில் ஊரே இருந்தது, இன்று போலந்தில் குவுஹோவாஸி. அங்கே "ஆட்டுக்கழுத்து" என்று பிரித்துப் பட்டப்பெயர் கதை கட்டினால்தான் பிழை.

வரைபடவாசு

வரைபடம் என்றதும் வந்துவிட்டேன். தொழில்முறையில் தரவு ஆள், பொழுதுபோக்கு குடும்பப் பெயர்கள்.

ஜெர்மன் பெயர்ப் பரவலுக்கு எல்லோரும் நம்பும் அடித்தளம் டெலிகாம் நிறுவனத்தின் 2005-ஆம் ஆண்டு தரைவழித் தொலைபேசிப் பதிவு. ஃப்ரைபர்க், மைன்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்த ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட நூல் தொகுதிகள் அதை வைத்துத்தான். கொன்ராட் குன்ஸ, டமாரிஸ் நியூப்லிங் இருவரும் தலைமை. அந்தப் பதிவில் சுமார் 8,50,000 வெவ்வேறு குடும்பப் பெயர்கள். கேட்டதும் மலைப்பாக இருக்கும், ஆனால் அதில் மிகப் பெரும் பங்கு விரல்விட்டு எண்ணும் ஆட்களே உள்ள பெயர்கள். சீகன்பால்க் அந்த அடிமட்டத்தில் இல்லை, ஆனாலும் தெருவில் எதிர்ப்படும் பெயரும் இல்லை. அரிய பெயர் என்ற சொல் பொருந்தும்.

ஏன் 2005? அதற்குப் பிறகு கைப்பேசி வந்து வீட்டுத் தொலைபேசியையும் விவரப் புத்தகத்தையும் காலி செய்துவிட்டது. அதற்கு மிக முன்னால் போனாலும் சிக்கல், குறிப்பாக நம் பெயருக்கு. கிழக்கு ஜெர்மனியில் வீட்டுத் தொலைபேசி என்பது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கும் பொருள். 1990 ஒட்டிய புத்தகங்களைப் பார்த்து "சாக்சனியில் இந்தப் பெயர் குறைவு" என்று யாராவது எழுதினால் அவர் எண்ணியது தொலைபேசிகளை, ஆட்களை அல்ல. ஓர் இணைப்பு என்றால் ஒரு வீடு, அதற்குள் இரண்டு மூன்று பேர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு. இலவச வரைபடத் தளத்தில் பெயரைத் தட்டியதும் பெர்லின் அடர் சிவப்பாக வரும். "ஓ, பெர்லின் குடும்பம்" என்று முடித்துவிடுவார்கள். பெர்லினில் எல்லாப் பெயரும் இருக்கும், 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். மொத்த எண்ணிக்கை வரைபடத்தை மூடிவிட்டு, பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகித வரைபடத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் சீகன்பால்க் பெயர் கிழக்கு சாக்சனியில் போய் ஒட்டிக்கொள்கிறது. டிரெஸ்டனுக்கும் பௌட்சனுக்கும் இடைப்பட்ட நிலம். தபால் குறியீடு 01-இலும் 02-இலும் தொடங்கும் பகுதி. புல்ஸ்நிட்ஸ் 01896. பிரபு, நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ரயிலில் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம்.

பொறையாறு_பிரபு

அட! அதாவது 1682-இல் அவர் பிறந்த இடத்திலேயே இன்றும் பெயர் அடர்த்தியா? முந்நூற்று நாற்பது ஆண்டு?

வரைபடவாசு

ஆச்சரியம்தான், ஆனால் விதிவிலக்கல்ல. அரிய ஜெர்மன் பெயர்கள் பலவும் இப்படித்தான், உலகப் போர், பிரிவினை, ஆள்பெயர்வு எல்லாவற்றையும் தாண்டி ஓரிரண்டு மாவட்டங்களில் உட்கார்ந்திருக்கும். ட்ஸீகென்ஃபூஸ் பெயருக்கு துரிங்கியாவின் ஐக்ஸ்ஃபெல்ட் பகுதி அப்படி.

சாக்சனி இதில் கொஞ்சம் அதிர்ஷ்டக்காரப் பகுதி. பக்கத்திலேயே சைலீசியா. 1945-க்குப் பிறகு அங்கிருந்த ஜெர்மானியரில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டதால், சைலீசியப் பெயர்களின் வரைபடத்தை இன்று போட்டால் ஹாம்பர்க் முதல் மியூனிக் வரை தூவி விட்டிருக்கும், பிறந்த இடத்தில் வெறுமை. புல்ஸ்நிட்ஸ் இன்றைய போலந்து எல்லையான நைசே ஆற்றுக்கு மேற்கே இருந்ததால் அந்தக் கதி இல்லை. ஆனாலும் கசிவு உண்டு. 1949-க்கும் 1961-இல் பெர்லின் சுவர் எழுந்ததற்கும் நடுவில் சுமார் 27 லட்சம் பேர் கிழக்கிலிருந்து மேற்கே போனார்கள். 1990-க்குப் பிறகு வேலை தேடி இன்னொரு அலை. மேற்கு நகரங்களில் தனித்தனிப் புள்ளிகளாகச் சீகன்பால்க் தெரிவது பெரும்பாலும் இந்த இரண்டு அலைகளின் விளைவு என்று நான் படிக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. இன்றைய வரைபடம் காட்டுவது பெயர் எங்கே தப்பிப் பிழைத்தது என்பதை. எங்கே பிறந்தது என்பதை அல்ல. பெயர் வேறெங்கோ பிறந்து, அங்கே ஆண் வாரிசு அற்று, இங்கே குடியேறிய ஒரு கிளை மட்டும் பெருகியிருக்கலாம். இந்தப் பெயரில் இரண்டும் ஒன்றுதான் என்று நான் நம்பக் காரணம், அல்லிவிழி சொன்ன ஆட்டுச் சொல் தனி வழியில் வந்து அதே இடத்தைக் காட்டுகிறது. அதோடு புல்ஸ்நிட்ஸில் 17-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் இருந்ததற்குத் தரங்கம்பாடிக்காரரே சாட்சி.

இடைக்காலத்துக்கு ஒரு நிறுத்தம் வேண்டுமென்றால் முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களைத் தேடுங்கள். இறந்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் பெயரோடு ஊரும் இருக்கும். கணினி வம்சாவளிச் சங்கத்துத் தன்னார்வலர்கள் முழுவதையும் தட்டச்சு செய்து இலவசமாகத் தேட வைத்திருக்கிறார்கள். சாக்சனிப் படைக்குத் தனிப் பட்டியலே இருந்தது, அதுவும் உள்ளே உண்டு. தொலைபேசிக்கு 90 ஆண்டு முந்தைய பரவல் கிடைத்துவிடும்.

கேள்விக்குறி

அந்தப் பகுதி ஸ்லாவியர் பூமி இல்லையா? சோர்பிய மொழி பேசுகிறவர்கள். பெயர் ஸ்லாவியப் பெயரின் திரிபாக ஏன் இருக்கக் கூடாது?

அல்லிவிழி

நல்ல கேள்வி. பௌட்சனைச் சுற்றியுள்ள மேல் லௌசிட்ஸ் நிலம் சோர்பியருடையதுதான். பௌட்சனில் இன்றும் தெருப்பலகை இரு மொழியில், அவர்களுக்கு அது புதிஷின். புல்ஸ்நிட்ஸ் என்ற ஊர்ப் பெயரே ஸ்லாவியம். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் மேற்கேயிருந்து ஜெர்மன் உழவர்களும் கைவினைஞர்களும் குடியேறினார்கள். அதனால் அங்கே குடும்பப் பெயர்கள் இரண்டு அடுக்காக இருக்கும். நோவாக் போன்றவை சோர்பியம், "புதிதாக வந்தவர்" என்று பொருள். சீகன்பால்க்கில் இரண்டு பாதியும் பச்சை ஜெர்மன், நடுவில் உள்ள "என்" கூட ஜெர்மன் கூட்டுச் சொல் இலக்கணப்படி. ஸ்லாவிய வேர் தேட இடமில்லை.

ஆனால் சீகன்பால்க்கோடு அதே கப்பலில் 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஹைன்ரிஷ் புளுட்சௌவின் பெயர் ஸ்லாவியத் தடம் உள்ளது. அவர் மெக்லென்பர்க்கின் வேஸென்பர்க் ஊர்க்காரர். அந்தப் பக்கத்து "ஓ", "ஔ" என முடியும் பெயர்கள் பெரும்பாலும் பழைய ஸ்லாவிய ஊர்ப் பெயர்கள். இருவர் பெயரையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பட்டப்பெயர், மற்றது ஊர்ப் பெயர்.

தமிழாசிரியர்_ஓய்வு

அப்படியே நம் மற்ற மிஷனரிகளையும் சொல்லிவிடுங்களேன் அம்மா. சுவார்ட்ஸ், ஃபப்ரிசியஸ், சுல்ட்ஸே.

அல்லிவிழி

சுருக்கமாக, ஐயா. சுல்ட்ஸே ஊர்த் தலைவர், நம் மணியக்காரர் போல. சுவார்ட்ஸ் கருமுடிக்காரர். இரண்டும் மிகச் சாதாரணம், வரைபடம் போட்டால் நாடே நிறைந்துவிடும், எதுவும் தெரியாது. ஃபப்ரிசியஸ் சுவாரசியம்: கொல்லருக்கான ஷ்மிட் என்ற பெயரை 16-ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகள் லத்தீனாக்கிக்கொண்டதில் வந்த வகை. அதே மோகத்தில் உழவர் அக்ரிகோலா ஆனார், தையற்காரர் சர்டோரியஸ் ஆனார். சீகன்பால்க் குடும்பத்தில் யாரும் அப்படி மாற்றிக்கொள்ளவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

பொறையாறு_பிரபு

மூன்றாவது கேள்வி மிச்சம். இங்கே இப்போது இருக்கும் சீகன்பால்க்குகள் அவர் வாரிசுகளா? ஆண்டுவிழாப் பேச்சில் ஒருமுறை "அவரது வம்சம் இன்றும் சாக்சனியில் செழித்திருக்கிறது" என்று கேட்ட நினைவு.

வரைபடவாசு

அந்தப் பேச்சில் மேளம் அதிகம். அவர் 23 வயதில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். இடையில் ஐரோப்பா வந்து 1716-இல் மரியா டோரதேயா சால்ஸ்மானை மணந்து, அவரோடு தரங்கம்பாடி திரும்பினார். 1719 பிப்ரவரி 23-இல் 36 வயதில் அங்கேயே இறந்து, தான் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் அடக்கம். பிழைத்த மகன் ஜெர்மனிக்கு அல்ல, டென்மார்க்குக்குப் போனார், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். ஆக நேர் வம்சத்தை சாக்சனியில் தேடுவது திசை மாறிய தேடல். அங்கே இன்று பெயர் தாங்கியவர்கள் பங்காளி வழியாக இருக்கலாம், அதே பட்டப்பெயர் பக்கத்து ஊரில் தனியாகப் பிறந்த வேறு குடும்பமாகவும் இருக்கலாம்.

அரிய பெயர் என்றாலே ஒரே மூதாதை என்று எண்ணுவது பலமான ஆசை. ஒருவரிடமிருந்தா பலரிடமிருந்தா என்பதைத் தேவாலயத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை ஊர் ஊராகப் பின்னோக்கிப் புரட்டித்தான் சொல்ல முடியும். இல்லையென்றால் ஆண்வழி மரபணுச் சோதனை. பதிவேட்டில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எழுத்துக்கூட்டு நிலையாக இருக்காது. அரசுப் பதிவகம் ஜெர்மனி முழுக்க வந்தது 1876 ஜனவரி 1-இல்தான். அதற்கு முன் போதகர் காதில் விழுந்தபடி எழுதுவார், "க்" ஒலியை மூன்று விதமாக எழுத ஜெர்மனில் இடமுண்டு.

வாணியம்பாடிக்காரன்

வாசு தம்பி, இன்னொன்று. சிரிக்கும்படியான பெயர் என்றால் பிள்ளைகள் மாற்றிக்கொள்ள மாட்டார்களா? அப்படியே பெயர் அழிந்துபோகுமே.

வரைபடவாசு

அண்ணே, ஜெர்மனியில் விருப்பத்துக்குக் குடும்பப் பெயர் மாற்ற முடியாது. தக்க காரணம் வேண்டும். கேலிக்குரிய பெயர் என்பது ஏற்கப்படும் காரணம்தான். முல்லர், ஷ்மிட் மாதிரி ஊரெல்லாம் உள்ள பெயரால் குழப்பம் என்பதும் ஏற்கப்படும்! அரிய பெயரைக் கொன்றது கேலியைவிடக் கல்யாணம்தான். நெடுங்காலம் மனைவி கணவர் பெயரைத்தான் எடுத்தாக வேண்டும். 1976-இல் மேற்கு ஜெர்மனியில் மனைவி பெயரையும் தேர்ந்தெடுக்க வழி வந்தது, ஆனால் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கணவர் பெயர்தான். 1991-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியையும் நிறுத்தியது, 1994-இல் சட்டமே மாறியது. இப்போது அரிய பெயருள்ள பெண்கள் அதை வைத்துக்கொள்வதும், கணவர் முல்லர் என்ற பெயரை விட்டு மனைவி பெயரை எடுப்பதும் நடக்கிறது. 2025 மே மாதம் முதல் இருவரும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளவும் வழி வந்துவிட்டது.

செங்கல்சூளை

முல்லர்-ஆட்டுத்துருத்தி. கல்யாணப் பத்திரிகைக்கு நல்லா இருக்கும்.

தமிழாசிரியர்_ஓய்வு

😀 கடல் கடந்தவர்கள் உண்டா? அமெரிக்காவில் இந்தப் பெயர் இருக்கிறதா?

அல்லிவிழி

லௌசிட்ஸிலிருந்து போனவர்கள் நிறைய. மிகவும் அறியப்பட்டது 1854-இல் பென் நெவிஸ் கப்பலில் டெக்சாஸ் போன சோர்பிய லூத்தரன் கூட்டம், யான் கிலியான் போதகர் தலைமையில், ஐந்நூறுக்கு மேற்பட்டோர். அவர்கள் குடியேறிய ஊருக்குச் செர்பின் என்று பெயர். ஆனால் அது பெரும்பாலும் சோர்பியப் பெயர்களின் பயணம். அமெரிக்கக் குடியேற்றப் பதிவில் இந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி எழுதிய வடிவங்களையும் தேட வேண்டும். பின்பாதி "பால்" என்று மட்டும் நிற்கலாம், முன்பாதி "ஸி" ஆகியிருக்கலாம்.

பொறையாறு_பிரபு

எல்லோருக்கும் நன்றி. இந்த வார இறுதியில் புல்ஸ்நிட்ஸ் போகிறேன். அங்கே என்ன பார்க்கலாம்?

அல்லிவிழி

ஊர் புகழ் பெற்றது மசாலா சேர்த்த பெஃபர்கூகன் ரொட்டிக்கு. 1558-இலிருந்து சுடுகிறார்கள், கடைகள் வரிசையாக இருக்கும். அவுரி நீலத்தில் துணி அச்சிடும் பட்டறை ஒன்றும் உண்டு. வைமாரில் கெதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் சிலையைச் செய்த எர்ன்ஸ்ட் ரீட்ஷெலும் அந்த ஊர்க்காரர்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் குடும்பப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, ஜெர்மனியில் கல்லறை இடம் வாடகைக்குத்தான். பெரும்பாலும் 20, 30 ஆண்டில் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். பழைய பெயர்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

வரைபடவாசு

போர் நினைவுக்கல்லைப் பாருங்கள். சாக்சனியில் பல ஊர்களில் 1914-18 பட்டியல் கல்லில் இருக்கும், அதை யாரும் எடுப்பதில்லை. படம் எடுத்து இங்கே போடுங்கள், இழப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்விக்குறி

புளுட்சௌவுக்கும் இதே மாதிரி வரைபடம் போட முடியுமா? அவர் பெயர் இன்னும் அரிது போலிருக்கிறதே.

மட்டுறுத்துநர்

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இது நீண்டுவிட்டது.

வரைபடவாசு

தொடங்கினால் ஒன்று மட்டும். "ஔ" என முடியும் எழுத்துக்கூட்டோடு நிறுத்தாமல் "ஓ" என முடிவதையும் சேர்த்துத் தேடுங்கள். மெக்லென்பர்க்கில் அந்தக் கடைசி "டபிள்யூ"வை யாரும் உச்சரிப்பதில்லை, எழுதியவர்கள் மட்டும் எழுதியிருப்பார்கள்.